பில்டு பச்சை, ஜிப்பில் கோப்பு இல்லை: கட்டாயக் கோப்புகளை எந்த இடத்தில் சோதிப்பது?

கேள்வி சுருக்கமாக இது. பல மாட்யூல்கள் கொண்ட ஜாவா ப்ராஜெக்ட், மேவன் (ஜாவா கோடைக் கம்பைல் செய்து பேக்கேஜாக்கும் கருவி) பில்டு, சிஐ சர்வரில் (கோடு மாறும்போது பில்டை ஓட்டும் சர்வர்) தானாக ஓடுகிறது. ஒரு ரிலீஸ் பச்சையாக, அதாவது பிழையே இல்லாமல், முடிந்தது. வெளியே போன ஜிப்பில் பார்த்தால் லைசென்ஸ் கோப்பும் இல்லை, லாகிங் கான்ஃபிக் கோப்பும் இல்லை. இனிமேல் கட்டாயமான கோப்பு விட்டுப்போனால் பில்டே நின்றுவிட வேண்டும். அதற்கு ஷெல் ஸ்கிரிப்டில் ஒரு 'இஃப்' போதுமா, மேவனுக்குள்ளேயே வழி இருக்கிறதா?

இஃப் போட்டாலும் நடக்கும், மேவனிலும் வழி இருக்கிறது. எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைவிட, எந்த இடத்தில் சோதிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். அந்த இரண்டு கோப்பும் உங்கள் ரெப்போவில் (கோடு இருக்கும் கிட் களஞ்சியத்தில்) பத்திரமாக இருந்திருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். பலரும் போடுகிற சோதனை ரெப்போவைத்தான் பார்க்கிறது. அது உங்கள் ரிலீஸ் அன்றும் "எல்லாம் இருக்கிறது" என்றே சொல்லியிருக்கும். கோப்பு தொலைந்தது ரெப்போவிலிருந்து ஜிப்புக்குப் போகிற வழியில். ஆகவே, கையில் எடுத்துக் கொடுக்கப்போகிற பொருளைத் திறந்து பார்க்கிற சோதனை ஒன்று வேண்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முதலில், ஏன் யாருமே கத்தவில்லை என்று பார்ப்போம். பில்டுக் கருவிகளில் பாதிக்கு, "தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை" என்பது பிழையே இல்லை. ஜிப்பை உருவாக்கித்தரும் மேவன் அசெம்ப்ளி பிளகினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல்செட் என்று ஒரு ஃபோல்டரையும் ஒரு பேட்டர்னையும் கொடுத்து, அந்தப் பேட்டர்னுக்கு ஒரு கோப்பும் பொருந்தாவிட்டால், சத்தமில்லாமல் பூஜ்யம் கோப்புகளைச் சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதே அசெம்ப்ளியில் 'ஃபைல்' என்று தனிக்கோப்பாகப் பெயர் சொல்லி எழுதினால், கோப்பு இல்லாதபோது பில்டு நிற்கும். உங்கள் அசெம்ப்ளி விவரக் கோப்பைத் திறந்து பாருங்கள். லைசென்ஸும் லாகிங் கான்ஃபிகும் நட்சத்திரக் குறி போட்ட ஃபைல்செட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டாயமானவற்றை நட்சத்திரத்தை நம்பி விடாதீர்கள், பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த ஒரு மாற்றமே உங்கள் சிக்கலில் பாதியைத் தீர்த்துவிடும்.

சிஐ பக்கமும் இதே கதைதான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஆர்டிஃபாக்டை (பில்டில் உருவான கோப்பை) அப்லோடு செய்யும் ஆக்‌ஷனுக்கு, கோப்பு எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு செட்டிங் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது வெறும் வார்னிங். 'எர்ரர்' என்று நாமே மாற்றினால்தான் ஜாப் ஃபெயில் ஆகும். கிட்லேபில் ஆர்டிஃபாக்ட் பாத்துக்குப் பொருந்தும் கோப்பு இல்லையென்றால் லாகில் ஒரு வார்னிங் வரி வரும், ஜாப் பச்சையாகவே முடியும். ஜென்கின்ஸ் இதில் கறார்: ஆர்கைவ் செய்யச் சொன்ன பேட்டர்னுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் பில்டை ஃபெயில் ஆக்குவதுதான் அதன் இயல்பு. அதைத் தளர்த்த நாம்தான் 'காலியாக இருந்தாலும் பரவாயில்லை' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். ஜென்கின்ஸிலிருந்து வேறு சிஐ-க்கு மாறிய குழுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பழைய இடத்தில் தானாகக் கிடைத்த பாதுகாப்பு புதிய இடத்தில் இல்லை என்பது முதல் விபத்துவரை தெரியாது.

இனி மேவன். என்ஃபோர்சர் என்று ஒரு பிளகின் இருக்கிறது. ஜாவா பதிப்பு, மேவன் பதிப்பு இவற்றைக் கட்டாயப்படுத்தத்தான் பலரும் அதை வைத்திருப்பார்கள். கோப்புகளுக்கென்றே அதில் சில விதிகள் உண்டு. 'ரிக்வயர் ஃபைல்ஸ் எக்சிஸ்ட்' (எல்லாச் சொல்லையும் ஒட்டி எழுதவேண்டும்) கோப்பு இருக்க வேண்டும் என்கிறது. 'ரிக்வயர் ஃபைல்ஸ் டோன்ட் எக்சிஸ்ட்' இருக்கக்கூடாது என்கிறது. 'ரிக்வயர் ஃபைல்ஸ் சைஸ்' அளவைப் பார்க்கிறது. 'ரிக்வயர் ஃபைல் செக்சம்', கோப்பிலிருந்து கணக்கிட்ட எண்ணை வைத்து, உள்ளடக்கம் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று உறுதிசெய்கிறது. ஒவ்வொரு விதிக்கும் 'மெசேஜ்' என்று ஒரு வரி எழுதலாம், தயவுசெய்து எழுதுங்கள். "கோப்பு இல்லை" என்று மட்டும் வரும் பிழையைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்தவர் ஒரு காலிக்கோப்பை உருவாக்கி கமிட் செய்துவிட்டுப் போய்விடுவார். "லாகிங் கான்ஃபிக் இல்லை, இது கோர் மாட்யூலின் ரிசோர்சஸ் ஃபோல்டரிலிருந்து வரவேண்டும், அசெம்ப்ளியின் மூன்றாவது ஃபைல்செட்டைப் பாருங்கள்" என்று வந்தால் அவர் சரியான இடத்துக்குப் போவார்.

இங்கே சில குழிகள் இருக்கின்றன. இவற்றில் ஒவ்வொன்றிலும் நானோ என் குழுவில் யாராவதோ விழுந்திருக்கிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்ஃபோர்சரை எந்தக் கட்டத்தில் ஓட்டவேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது 'வேலிடேட்' கட்டத்தில் ஓடும். மேவன் வரிசையில் அதுதான் முதல் கட்டம். அப்போது எதுவும் கம்பைல்கூட ஆகியிருக்காது. சோர்ஸ் கோப்புகளைச் சோதிக்க அது சரியான நேரம், ஏனென்றால் நாற்பது நிமிடம் டெஸ்ட் ஓடியபிறகு "லைசென்ஸ் இல்லை" என்று சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. ஆனால் டார்கெட் ஃபோல்டரில் உருவாகப்போகிற ஜிப்பை அந்த நேரத்தில் தேடினால் எப்படி இருக்கும்? அதற்கு இரண்டாவதாக ஒரு எக்சிக்யூஷன் (பிளகினை எப்போது ஓட்டுவது என்று சொல்லும் பகுதி) எழுதி, அதை 'வெரிஃபை' கட்டத்தில் கட்டுங்கள். அசெம்ப்ளி 'பேக்கேஜ்' கட்டத்தில் ஓடி முடித்திருக்கும், வெரிஃபை அதற்கு அடுத்து வரும். அப்படியே சிஐ ஸ்கிரிப்டில் என்ன கட்டளை இருக்கிறது என்றும் பாருங்கள். 'மேவன் பேக்கேஜ்' என்று இருந்தால் வெரிஃபை கட்டம் வரவே வராது. நீங்கள் அழகாக எழுதிய சோதனை ஒருநாளும் ஓடாது.

பல மாட்யூல் ப்ராஜெக்டில் பேரண்ட் பிஓஎம்மில் (மேவனின் அமைப்புக் கோப்பில்) விதியை எழுதினால் அது எல்லாக் குழந்தை மாட்யூலுக்கும் இறங்கும். ஒவ்வொரு மாட்யூலும் தன் ஃபோல்டரில் லைசென்ஸைத் தேடும், ஒவ்வொன்றாக ஃபெயில் ஆகும். பத்து மாட்யூலில் பத்து லைசென்ஸ் நகல் போட்டு இதைத் 'தீர்த்த' ப்ராஜெக்டைப் பார்த்திருக்கிறேன். அந்த எக்சிக்யூஷனில் 'இன்ஹெரிடெட்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் போதும், விதி மேலேயே நின்றுவிடும். ஜிப்பை உருவாக்குவது தனி மாட்யூல் என்றால், ஜிப்புக்கான சோதனையை அந்த மாட்யூலின் பிஓஎம்மிலேயே எழுதுங்கள்.

அளவு விதியில் ஒரு வேடிக்கை. குறைந்தபட்ச அளவு மட்டும் கொடுத்துவிட்டு, அதிகபட்சம் கொடுக்காவிட்டால், அதிகபட்சம் எல்லையற்றது என்று நினைப்போம். இல்லை. அதன் இயல்பு மதிப்பு 10000 பைட். "இந்த ஜிப் குறைந்தது 5 எம்பி இருக்கவேண்டும்" என்று மட்டும் எழுதினால், எந்த ஜிப்பும் அந்த விதியைத் தாண்டாது. இரண்டு எல்லையையும் கொடுத்துவிடுங்கள். மேல் எல்லைக்கும் பயன் இருக்கிறது: யாரோ தவறுதலாக டெஸ்ட் டேட்டாவை ஜிப்புக்குள் தள்ளி, அது மூன்று மடங்கு ஊதிப்போனால் அதுவும் பிடிபடும்.

அடுத்தது, விதியின் 'லெவல்'. அதை 'வார்ன்' என்று வைத்தால் பில்டு நிற்காது. "முதலில் வார்னிங்காக வைப்போம், பிறகு எர்ரராக மாற்றுவோம்" என்று ஆரம்பித்து, மாற்றிய குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை. பில்டு லாகில் வார்னிங் படிக்கிறவர் யார்? அப்புறம், கட்டளை வரியில் என்ஃபோர்சர் முழுவதையும் ஸ்கிப் செய்ய ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு. அவசரத்தில் யாரோ சிஐ ஸ்கிரிப்டில் அதைச் சேர்த்திருப்பார், எடுக்க மறந்திருப்பார். என்ஃபோர்சர் இருந்தும் பிடிபடவில்லை என்று புலம்புவதற்குமுன் ஸ்கிரிப்டில் 'ஸ்கிப்' என்று ஒருமுறை தேடிப்பாருங்கள்.

என்ஃபோர்சரால் முடியாத ஒன்று, ஜிப்புக்குள் எட்டிப்பார்ப்பது. ஜிப் இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஷெல் ஸ்கிரிப்டுக்கு வரத்தான் வேண்டும், அல்லது ஃபெயில்சேஃப் பிளகின் வழியாக ஓடும் ஒரு இன்டகிரேஷன் டெஸ்ட் எழுதவேண்டும். ஜாவா குழு என்றால் டெஸ்டாகவே எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஜிப்பைத் திறக்கும் வசதி ஜாவாவிலேயே இருக்கிறது, பிழை வந்தால் எல்லோருக்கும் பழகிய டெஸ்ட் ரிப்போர்ட்டில் தெரியும். ஷெல் போதும் என்றால், அதில் ஒரு விநோதமான குழி இருக்கிறது.

வழக்கமாக எல்லோரும் எழுதுவது இதுதான்: அன்ஜிப் கட்டளையால் பட்டியல் எடுத்து, பைப் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பி), தேடும் கட்டளையான கிரெப்பில் 'க்யூ' ஆப்ஷனுடன் கோப்புப்பெயரைத் தேடுவது. ஸ்கிரிப்டின் மேலே நல்ல பழக்கமாக 'பைப்ஃபெயில்' (வரிசையில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவரிசையும் தோற்றதாகக் கொள்ளும் செட்டிங்) போட்டிருப்பார்கள். ஜிப் சின்னதாக இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். ஜிப்பில் கோப்புகள் பெருகியபிறகு ஒருநாள், கோப்பு உள்ளே இருந்தும் சோதனை ஃபெயில் ஆகும். நடப்பது என்னவென்றால், 'க்யூ' போட்ட கிரெப் முதல் பொருத்தம் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறது. பைப்பின் மறுமுனையில் அன்ஜிப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. படிக்க ஆளில்லாத பைப்பில் எழுதினால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து அன்ஜிப்பைக் கொல்லும், அதன் எக்சிட் கோடு 141. பைப்ஃபெயில் இருப்பதால் அந்த 141 முழுவரிசையின் முடிவாகிறது. லினக்ஸில் பைப்பின் பஃபர் வழக்கமாக 64 கேபி. பட்டியல் அதற்குள் அடங்கும்வரை அன்ஜிப் எழுதி முடித்துவிடும், அதனால்தான் சின்ன ஜிப்பில் இது தெரிவதில்லை. இரண்டு நாள் சிஐ மெஷின்மேல் பழிபோட்டுவிட்டு இதைக் கண்டுபிடித்தேன். தீர்வு எளிது: பட்டியலை முதலில் ஒரு கோப்பில் எழுதுங்கள், பிறகு அந்தக் கோப்பில் தேடுங்கள். பைப்பே வேண்டாம்.

அப்படி எழுதுவதென்றால் ஒவ்வொரு கோப்பாகத் தேடுவதையும் விட்டுவிடலாம். ரெப்போவில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்பில் இருக்கவேண்டிய கோப்புகளின் பாத், வரிக்கு ஒன்று. அன்ஜிப்பில் 'பெரிய இசட், ஒன்று' என்ற ஆப்ஷன் கொடுத்தால் அளவு, தேதி எதுவுமில்லாமல் பெயர் மட்டும் வரிக்கு ஒன்றாக வரும். இரண்டையும் சார்ட் செய்து 'காம்' (கடைசியில் இரட்டை எம்) கட்டளையில் கொடுத்தால், இருக்கவேண்டியது எது இல்லை, இருக்கக்கூடாதது எது இருக்கிறது என்று இரண்டு பக்கமும் கிடைக்கும். சார்ட் செய்யும்போது லொக்கேலை (மொழிக்கேற்ற வரிசை அமைப்பை) 'சி' என்று நிலைப்படுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லேப்டாப்பில் ஒரு வரிசையும் சர்வரில் வேறு வரிசையும் வந்து காம் குழம்பும். பதிப்பு எண் கொண்ட பெயர்களை ஒப்பிடுவதற்குமுன் 'செட்' (எஸ்-ஈ-டி, எழுத்துகளை மாற்றும் கருவி) கட்டளையால் ஒரே குறியாக மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் பதினைந்து வரி ஸ்கிரிப்ட் வரும்.

இந்த இருபக்கச் சோதனை நான் கண்டுபிடித்ததில்லை. லினக்ஸ் பேக்கேஜ் உலகில் இது பழைய வழக்கம். ஆர்பிஎம் ஸ்பெக் கோப்பில் பட்டியலிட்ட ஒரு கோப்பு இல்லாவிட்டால் பில்டு நிற்கும். இன்ஸ்டால் ஆன ஒரு கோப்பு பட்டியலில் இல்லாவிட்டாலும், "இன்ஸ்டால் ஆனது, பேக்கேஜில் சேரவில்லை" என்று சொல்லி நிற்கும். டெபியன் பக்கம், பேக்கேஜ் உருவாக்க உதவும் டெப்ஹெல்ப்பரின் 13-ஆம் கம்பாட் நிலையிலிருந்து, இன்ஸ்டால் ஆகியும் எந்தப் பேக்கேஜிலும் சேராமல் விட்டுப்போன கோப்பு இருந்தால் ஃபெயில் ஆவதே இயல்பு.

'இருக்கக்கூடாதது' என்ற பக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாஸ்வேர்டு இருக்கும் என்வ் கோப்பு, டெஸ்ட் சர்டிஃபிகேட்டின் பிரைவேட் கீ, சோர்ஸ் மேப் இவையெல்லாம் பேக்கேஜில் ஏறிப் போவது அந்த வழியாகத்தான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் வெளிக்கொண்டுவந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் கருவி) பின்கதவு விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் டார்பாலில் (வெளியிடும் சோர்ஸ் தொகுப்பில்) கிட் ரெப்போவில் இல்லாத ஒரு எம்4 பில்டு ஸ்கிரிப்ட் இருந்தது. பின்கதவை பில்டுக்குள் இழுத்துவிட்ட சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். ரெப்போவையும் டார்பாலையும் ஒப்பிட்டிருந்தால் பிடித்திருக்கலாமே என்று சொல்வது எளிது. ஆனால் ஆட்டோடூல்ஸ் (குனுவின் பில்டுக் கருவிகள்) டார்பால்களில் ரெப்போவில் இல்லாத, தானாக உருவான கோப்புகள் எப்போதுமே நிறைய இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று கூடியது யார் கண்ணிலும் படவில்லை. எதிர்பார்க்கும் பட்டியல் என்று எழுத்தில் ஒன்று இருந்தால்தான் 'கூடுதல்' என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும்.

சரி, கோப்பு இருக்கிறது. ஆனால் அது அந்தக் கோப்புதானா?

நான் வேலை பார்த்த ஒரு குழுவில் பெரிய பைனரி கோப்புகளை கிட் எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்பைத் தனியே வைத்து, ரெப்போவில் அதன் சுட்டியை மட்டும் வைக்கும் வசதி) வைத்திருந்தோம். பேக்கேஜில் ஒரு எழுத்துரு கோப்பு போகவேண்டும். இருப்புச் சோதனை இருந்தது, அது பச்சையும் காட்டியது. மறுமுனையில் அப்ளிகேஷன் திறந்தால் எல்லா இடத்திலும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எழுத்துரு கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தோம். மூன்று வரி: பதிப்பு என்று தொடங்கும் ஒரு வரி, ஷா-256 எண் ஒன்று, சைஸ் ஒன்று. மொத்தம் 130 பைட் சுமார். சிஐ மெஷினில் எல்எஃப்எஸ் கோப்புகளை இறக்கும் படி விட்டுப்போயிருந்தது, உண்மைக் கோப்பின் இடத்தில் அதன் சுட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது. பெயர் சரி, இடம் சரி. 'இருக்கிறதா' என்ற கேள்விக்கு அது பொய் சொல்லவே இல்லை. நாங்கள்தான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. எல்எஃப்எஸ் சுட்டிக்கோப்பு 1024 பைட்டுக்குள்தான் இருக்கவேண்டும் என்பது அதன் வரையறை. ஆகவே, குறைந்தபட்சம் சில கேபி என்று ஒரு அளவு விதி போட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கும். அதன்பிறகு இருப்பை மட்டும் பார்க்கும் சோதனையை நான் எழுதுவதே இல்லை. ஷெல்லில் டெஸ்ட் கட்டளைக்கு 'எஃப்' பதிலாக 'எஸ்' கொடுத்தால், கோப்பு இருந்து காலியாகவும் இல்லை என்று பார்த்துவிடும். ஒரே எழுத்துச் செலவு.

காலிக்கோப்பு என்றதும் ஆட்டோடூல்ஸில் ஒன்றான ஆட்டோமேக் நினைவுக்கு வருகிறது. குனு விதிப்படியான அதன் இயல்பு நிலையில் நியூஸ், ரீட்மீ, ஆத்தர்ஸ், சேஞ்ச்லாக் என்ற கோப்புகள் இருந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அது நகராது. நல்ல நோக்கம்தான். விளைவு என்ன? 'டச்' கட்டளையால் நான்கு காலிக்கோப்புகளை உருவாக்கிவிட்டுப் போவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 'ஃபாரின்' என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் அந்தக் கட்டாயத்தையே தளர்த்தலாம், ஆனால் டச் விரலுக்குச் சுலபம். உங்கள் குழுவிலும் இதுவே நடக்கும். ஒரு கோப்பு ஏன் தேவை என்று சொல்லாத விதிக்கு, காலிக்கோப்பே பதிலாக வரும். அதே ஆட்டோமேக் கொடுத்த இன்னொன்றை மட்டும் மனதாரப் பாராட்டுவேன்: 'டிஸ்ட்செக்'. அது டார்பாலை உருவாக்கி, வேறொரு இடத்தில் பிரித்து, சோர்ஸ் ஃபோல்டரை எழுதமுடியாதபடி பூட்டி, அங்கிருந்து மறுபடி பில்டு செய்து டெஸ்டையும் ஓட்டிப்பார்க்கும். பட்டியலில் சேர்க்க மறந்த ஒரு ஹெட்டர் கோப்பு அந்த இரண்டாவது பில்டில் உடனே வெளிப்படும். பேக்கேஜ் முழுமையா என்று தெரிந்துகொள்ள, பேக்கேஜிலிருந்தே பில்டு செய்வதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியாது. உங்கள் ஜிப்புக்கும் இதைச் செய்யலாம்: காலி ஃபோல்டரில் பிரித்து, அப்ளிகேஷனை ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். லாகிங் கான்ஃபிக் இல்லாதது முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். லைசென்ஸ் இல்லாதது தெரியாது. அதற்குத்தான் பட்டியல்.

செக்சம் விதியை அளவாகப் பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து இறக்கும் கோப்புகளுக்கு அது அவசியம். லைசென்ஸ் வாசகம் போல, வழக்கறிஞர் ஒப்புதல் தந்தபின் யாரும் தொடக்கூடாத கோப்புக்கும் பொருந்தும். தினம் மாறுகிற கான்ஃபிகுக்குச் செக்சம் போட்டால், மாற்றும் ஒவ்வொருவரும் எண்ணையும் சேர்த்து மாற்றிவிட்டுப் போவார்கள், விதி சடங்காகிவிடும். வகை ஷா-256 ஆக இருக்கட்டும்; எம்டி5-யும் ஷா-1-உம் உடைந்து காலமாயிற்று. விண்டோஸில் கிட் தானாக வரி முடிவை மாற்றி இறக்கும் வழக்கம் உண்டு. அதே லைசென்ஸ் கோப்பு லினக்ஸில் ஒரு செக்சமும் விண்டோஸில் வேறு செக்சமும் தரும். இதற்கென்றே என்ஃபோர்சரில் டெக்ஸ்ட் கோப்புகளுக்குத் தனிச் செக்சம் விதி இருக்கிறது, வரி முடிவுகளை ஒரே மாதிரி ஆக்கிவிட்டுக் கணக்கிடும். அல்லது கிட் அட்ரிபியூட்ஸில் அந்தக் கோப்புக்கு வரி முடிவை நிலைப்படுத்திவிடலாம்.

கிட் பற்றிப் பேசும்போது இன்னும் மூன்று. காலி ஃபோல்டரை கிட் சேமிக்காது. ஆகவே "என் மெஷினில் லாக்ஸ் ஃபோல்டர் இருக்கிறதே" என்பது சர்வரில் செல்லாது. கிட் இக்னோரில் (எதைச் சேர்க்கக்கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் கோப்பில்) போட்ட ஒரு பரந்த பேட்டர்ன், வேண்டிய கோப்பையும் விழுங்கும். 'லாக்' என்று முடியும் எல்லாவற்றையும் ஒதுக்கு என்று எழுதியபிறகு, புதிதாக வந்த கோப்பொன்று எல்லாவற்றையும் சேர்க்கும் 'ஆட்' கட்டளைக்குக் கண்ணிலேயே படாது, கமிட்டிலும் வராது. 'செக் இக்னோர்' என்ற கிட் கட்டளைக்கு 'வி' ஆப்ஷன் கொடுத்தால், எந்த வரியின் பேட்டர்ன் விழுங்கியது என்று சொல்லிவிடும். மூன்றாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து. தமிழில் அந்தப் பேதமே இல்லாததாலோ என்னவோ, நமக்கு இது கண்ணில் படுவதில்லை. மேக்கிலும் விண்டோஸிலும் வழக்கமான ஃபைல்சிஸ்டம் 'லைசென்ஸ்' பெரிய எழுத்திலா சின்ன எழுத்திலா என்று பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். உங்கள் லேப்டாப்பில் தாண்டிய சோதனை சர்வரில் ஃபெயில் ஆனால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். லினக்ஸ் சொல்வதையே நம்புங்கள்.

மேவனை விட்டு வேறு பில்டுக் கருவிக்கு ஒருநாள் போவீர்கள் என்றால் ஒரு சொல். 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' (Make) என்ற பில்டுக் கருவியை எழுதியபோதே 'இந்தக் கோப்பு உருவாக அந்தக் கோப்பு தேவை' என்பதுதான் அதன் இலக்கணம். தேவையான கோப்பு இல்லை, உருவாக்க விதியும் இல்லை என்றால் அது நின்றுவிடும். அந்த வழியில் வந்த கருவிகளில் தனியாக இஃப் போடவேண்டியதே இல்லை, தேவையை அறிவித்தாலே போதும். கிரேடிலில் ஒரு டாஸ்க்குக்கு 'இன்புட்ஃபைல்' என்று ஒருமையில் அறிவித்தால், கோப்பு இல்லாதபோது டாஸ்க் ஓடுமுன்பே பிழை வரும். 'இன்புட்ஃபைல்ஸ்' என்று பன்மையில் அறிவித்தால் இல்லாத கோப்பைப் பற்றி அது கவலைப்படாது. ஒரு 'ஸ்' எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். பேசல் இன்னும் கறார். அறிவிக்காத கோப்பு சாண்ட்பாக்ஸுக்குள் தெரியவே தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் நிலைமை நேர்மாறு. பேக்கேஜ் ஜேசனின் 'ஃபைல்ஸ்' பட்டியலில் எழுதிய கோப்பு இல்லாவிட்டாலும் அது வாயைத் திறக்காது, இருப்பதை வைத்து பேக் செய்துவிடும். வெளியிடுமுன் 'பேக்' கட்டளையை 'ட்ரை ரன்' ஆக ஓட்டி, பட்டியலை மேலே சொன்னபடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, பழைய மிச்சம். சிஐ மெஷின் ஒவ்வொரு பில்டுக்கும் புதிதாகத் தொடங்குகிறதா, அல்லது அதே வொர்க்ஸ்பேஸ் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடர்கிறது என்றால், நேற்று உருவான ஜிப் டார்கெட் ஃபோல்டரில் கிடக்கும். இன்றைய அசெம்ப்ளி ஓடாமலே போனாலும் உங்கள் சோதனை நேற்றைய ஜிப்பைத் திறந்து பார்த்துத் திருப்தி அடையும். ரிலீஸ் பில்டில் டார்கெட் ஃபோல்டரை அழிக்கும் 'கிளீன்' இல்லாமல் ஓட்டாதீர்கள்.

செய்யவேண்டிய வரிசை என்று கேட்டால், இன்றே அசெம்ப்ளியில் அந்த இரண்டு கோப்பையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அடுத்து, பட்டியல் கோப்பும் ஒப்பிடும் ஸ்கிரிப்டும். என்ஃபோர்சர் விதிகள் அதற்கப்புறம் வந்தாலும் போதும். எல்லாம் எழுதியபிறகு தனியாக ஒரு பிராஞ்ச் எடுத்து, அசெம்ப்ளியிலிருந்து லைசென்ஸ் வரியை நீக்கி சிஐ-யில் ஓட்டுங்கள். சிவப்பு வந்ததா, மெசேஜைப் படித்தால் என்ன செய்யவேண்டும் என்று புரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதே லைசென்ஸை ரெப்போவில் காலிக்கோப்பாக மாற்றி இன்னொருமுறை ஓட்டுங்கள். அதற்கும் சிவப்பு வந்தபிறகு பிராஞ்சை அழித்துவிடலாம்.